பஸீர் நானாவின் நீர்க்கடுப்பு

மாத்தளையிலிருந்து பல்லேகமவுக்கு ஓடும் தனியார் பஸ் ஒன்றின் டிரைவர் பஸீர். பயணிகள் ஏறுவதற்கும் இறங்குவதற்கும் பஸ்ஸை நிறுத்துவார். ஒன்றுக்குப் போகவேண்டும் என்று யாராவது கேட்டால் நிறுத்தமாட்டார்.

அதற்குக் காரணம் வைத்திருந்தார். றத்தோட்டையைத் தாண்டி றிவஸ்டன் மலையேறி மறுபக்கம் இறங்கும்வரை மலசலகூடம் என்று சொல்லத்தக்க ஒன்று அவருடைய பாதையில் இல்லை. ஒருவருக்காக நிறுத்தினால் பாதி பஸ் இறங்கும். இறங்கியவர்களில் பாதிப்பேர் மலையைப் படம் எடுப்பார்கள். கடைசியில் மாத்தளை ஸ்டாண்டில் டைம்கீப்பரிடம் ஏச்சு வாங்குவது டிரைவர்தான். இதைத் தவிர, மூத்திரத்தை அடக்குவது ஒழுக்கம் சம்பந்தப்பட்ட விஷயம் என்றும் அவர் நம்பினார். தன்னால் முடிகிறது, மற்றவர்களுக்கு ஏன் முடியவில்லை என்பது அவருக்கு விளங்கவில்லை.

அவரால் முடிந்ததற்குக் காரணம் அவர் தண்ணீர் குடிக்காததுதான். அலுவிகாரையில் வீட்டிலிருந்து புறப்படும்போது ஒரு பிளேன்டி, பாலில்லாத வெறும் தேநீர். பல்லேகமவில் இன்னொரு பிளேன்டி. இரண்டுக்கும் நடுவில் பீடி. டிரைவர் சீட்டுக்குப் பக்கத்தில் பெரிய போத்தலில் தண்ணீர் இருக்கும். அது ரேடியேட்டருக்கு.

கொண்டக்டர் கிஷாந்த், றத்தோட்டைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவன், இரண்டு பிள்ளைகளுக்குத் தகப்பன். அவனிடமும் பஸ் ஓட்டும் லைசன் இருந்தது. பஸ்ஸைக் கழுவுவதற்காக ஆற்றோரம் கொண்டுபோகும்போது மட்டும் பஸீர் அவனிடம் ஸ்டியரிங்கைக் கொடுப்பார்.

பஸீரின் மகள் அஸ்ராவுக்கு ஆசிரியர் வேலை கிடைத்தபோது, உம்மா றஹீமாவின் முழங்கால் வலியை நினைத்து வீட்டில் உட்கார்ந்து போகும் வெள்ளைக் கொமட் ஒன்று வைத்துக் கொடுத்தாள். பஸீருக்கு அதில் பெரிய ஈடுபாடு இல்லை. ஆனால் வைத்தாகிவிட்டதே என்று அதையே பாவித்தார். சில வாரங்களில், ஒரு காலை அதில் சிவப்பைக் கண்டார்.

வலி இல்லை. எரிச்சல் இல்லை. தண்ணீரில் யாரோ சாயம் கரைத்ததுபோல இருந்தது. முதல் நாள் பகல் பீட்ரூட் கறி தின்றது ஞாபகம் வந்தது. தண்ணீரை ஊற்றிவிட்டு வேலைக்குப் போனார்.

அந்த விளக்கம் முற்றிலும் பிழையானதல்ல. பீட்ரூட் தின்றால் சிலருக்கு அப்படிப் போகும்தான். ஆனால் மறுநாளும் சிவப்பாகப் போயிற்று. அதற்கு மறுநாளும் போயிற்று. பஸீர் மனைவி றஹீமாவிடம் விசாரித்தார்.

"நேத்து என்ன கறி?"

"பருப்பு. நீங்கதானே தின்னீங்க."

"பருப்புல பீட்ரூட் போட்டியா?"

"பருப்புல யாருங்க பீட்ரூட் போடுறது?"

ஓரிரு நாட்களில் சிவப்பு தானாகவே நின்றுவிட்டது. நின்றதால் சுகமாகிவிட்டது என்று முடிவு செய்தார். பஸ்ஸில் ஒரு சத்தம் வந்து தானாக நின்றால், "இது நின்டதுதான் பயம்" என்று சொல்லி அன்றே கராஜுக்குக் கொண்டுபோகிற மனிதர் அவர். தன் உடம்பை அவர் ஒருநாளும் வாகனமாக நினைத்துப் பார்த்ததில்லை.

அடுத்த தடவை அது வலியோடு வந்தது. நோன்பு மாதம் முடிந்து கொஞ்ச நாட்களில் எரிச்சல் தொடங்கியது. போகவேண்டும் என்று அவசரமாக இருக்கும். போனால் சில சொட்டு. அந்தச் சில சொட்டும் மிளகாய்த் தண்ணீர்போல எரிந்துகொண்டு இறங்கும். சில நேரம் நன்றாக வந்துகொண்டிருக்கும்போதே, யாரோ குழாயை மூடியதுபோல நடுவில் நின்றுவிடும். பள்ளிவாசலில் தொழுகைக்கு முன் கைகால் கழுவி ஒழு எடுத்துவிட்டு எழும்புவார், ஒரு சொட்டு இறங்கியதுபோல இருக்கும். இறங்கினால் ஒழு முறியும். திரும்பப் போய்க் கழுவி, திரும்ப ஒழு எடுப்பார். பின்னால் நிற்பவர்கள் ஒன்றும் சொல்லமாட்டார்கள். ஆனால் பக்கத்துக் குழாய்க்கு மாறிக்கொள்வார்கள்.

ஆளாளுக்கு ஒரு காரணம் சொன்னார்கள். என்ஜின் சூடு என்றான் கிஷாந்த். பத்து வருஷமாக அந்தச் சூட்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தால் இரும்புக்கே கடுப்பு வரும் என்று சொல்லி, போகும்போதும் வரும்போதும் ஒவ்வொரு தெம்பிலி இளநீர் வாங்கிக் கொடுத்தான். தண்ணீர் குடிக்காத குற்றம் என்றாள் றஹீமா. வேலியோரம் முளைத்திருந்த பொல்பலாச் செடியைப் பிடுங்கி அவித்துப் போத்தலில் ஊற்றிக் கொடுத்தாள். பொல்பலா தன் வேலையைச் செய்தது. அதாவது, றத்தோட்டைக்கு வருவதற்குள்ளேயே மூத்திரம் முட்டியது. பஸ்ஸை நிறுத்துவதில்லை என்ற கொள்கையும் பொல்பலாவும் ஒன்றாகப் போகாது என்று கண்டுகொண்ட பஸீர், வேலை நாட்களில் பொல்பலாவை விட்டுவிட்டார்.

மருந்து விற்கும் பாமசியில் ஒரு பழக்கக்காரர் இருந்தார். டாக்டரிடம் காட்டச் சொல்லிவிட்டு, பஸீர் வற்புறுத்தியதால் குளிசையும் கொடுத்தார். எரிச்சல் குறைந்தது. குறைந்ததும் மீதிக் குளிசைகளை பஸீர் அலுமாரியில் வைத்தார். எரிச்சல் திரும்ப வந்தது. திரும்பவும் அலுமாரியைத் திறந்தார். இப்படியே கொஞ்ச காலம் போனது.

அந்த நாள் பல்லேகமவிலிருந்து திரும்பிக்கொண்டிருந்தார்கள். பஸ் நிறைய ஆட்கள். டிரைவருக்குப் பின் சீட்டில் காத்தாயி என்ற வயதான பெண் இருந்தார். பல்லேகமவில் கட்டிக்கொடுத்த மகளைப் பார்த்துவிட்டுத் தோட்டத்துக்குத் திரும்புகிறவர், நீரிழிவு எனும் சீனி வருத்தம் உள்ளவர், அடிக்கடி ஒன்றுக்குப் போகவேண்டியிருக்கும். மலையேறும் முன் வரும் இலுக்கும்புர தாண்டியதும் கேட்டார்.

"டைவர் தம்பி, கொஞ்சம் நிப்பாட்டுனா நல்லம்."

"றத்தோட்டையில நிப்பாட்டுறேன்மா."

"அதுவரைக்கும் தாங்காதுங்க தம்பி."

"தாங்கும்."

காத்தாயி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு முன்னால் இருந்த கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

றிவஸ்டன் ஏறி முடிந்து இறங்கத் தொடங்கும் இடத்தில் பஸ் ஓரமாக நின்றது. பிரேக்கில் ஏதோ கோளாறு என்று எல்லோரும் நினைத்தார்கள். பஸீர் கதவைத் திறந்து இறங்கி, பின்பக்கமாக நடந்து மானாப்புல்லுக்குள் போனார். பனி மூட்டமாக இருந்தது. இதற்காகவே காத்திருந்தவர்போல காத்தாயி எழும்பி மறுபக்கமாக இறங்கிப் போனார். போய்விட்டு வந்தார். வேறு சிலரும் போய்விட்டு வந்தார்கள். பஸீர் மட்டும் போன இடத்திலேயே நின்றார்.

கிஷாந்த் கிட்டே போகத் தயங்கித் தூரத்திலிருந்து கேட்டான்.

"நானா, என்ன?"

"வருதில்ல."

"என்னது?"

"வருதில்லன்றேன்."

கிஷாந்துக்கு விளங்கியது. பஸீர் திரும்பியபோது முகம் வேர்த்திருந்தது. அந்தக் குளிரில் வேர்வை. அடிவயிறு வெளியே தெரியுமளவுக்கு வீங்கியிருந்தது. இரண்டு கையாலும் பஸ்ஸின் பின்பக்க ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

காத்தாயி ஜன்னலால் தலையை நீட்டினார். "எங்க வீட்டுக்காரருக்கும் இப்பிடித்தான் அடைச்சிச்சி. ஆஸ்பத்திரில குழா போட்டாங்க. நின்னுகிட்டு இருந்தா வராதுங்க தம்பி, மோசமாத்தான் போகும். ஏத்துங்க அவர."

பஸீர் கிஷாந்தைப் பார்த்தார். கிஷாந்த் ரோட்டைப் பார்த்தான். கீழே வளைவு வளைவாக றத்தோட்டை வரைக்கும் இறக்கம்.

"செக்கன்ட் கியர்லயே எறக்கு" என்றார் பஸீர். "பிரேக்க மட்டும் நம்பாத."

பின் சீட்டில் இருந்தவர்கள் எழும்பி இடம் விட்டார்கள். பஸீர் அதில் சுருண்டு படுத்து, முதல் சில வளைவுகளுக்கு அங்கிருந்தே உத்தரவு சொன்னார். "இப்ப ஹோர்ன் அடி. ஓரமா எடு. லொறி வரும்." பிறகு உத்தரவு நின்றுவிட்டது. முனகல் மட்டும் கேட்டது. உத்தரவு நின்றதுதான் கிஷாந்தைப் பயமுறுத்தியது என்று பிறகு சொன்னான். வழியில் இறங்க வேண்டியவர்கள் சிலர் இருந்தார்கள். யாரும் மணி அடிக்கவில்லை. பஸ் பயணிகளோடு நேரே றத்தோட்டை ஆஸ்பத்திரி வாசலுக்குப் போய் நின்றது.

உள்ளே குழாய் போட்டார்கள். போடும்போது வலித்தது. போட்டு முடிந்ததும் பையில் மூத்திரம் இறங்கத் தொடங்கியது, லேசான சிவப்பு நிறத்தில். இறங்கிக்கொண்டே இருந்தது. பஸீருக்குக் கல்யாணம் நடந்தபோதும், மகள் பிறந்தபோதும், சொந்த வீட்டுக்குக் கூரை போட்டபோதும் சந்தோஷமாகத்தான் இருந்தது. ஆனால் இந்த அளவுக்கு இல்லை. "அல்ஹம்துலில்லாஹ்" என்று சத்தமாகச் சொன்னார். வலியில் கத்துகிறார் என்று நினைத்து நர்ஸ் ஓடி வந்தார்.

அங்கிருந்து மாத்தளைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். றஹீமா பிளாஸ்கும் அவர் மாற்றிக் கட்டச் சாரமுமாக வந்து சேர்ந்தாள். வார்டில் இளம் பெண் டாக்டர் ஒருவர், தமிழ் நன்றாகப் பேசுகிறவர், கட்டிலோரம் நின்று கேள்வி கேட்டார். பஸீர் சுவரைப் பார்த்துக்கொண்டு பதில் சொன்னார்.

"இதுக்கு முன்ன மூத்திரத்தோட இரத்தம் போயிருக்கா?"

"இல்ல."

"பருப்புல பீட்ரூட் போட்டியான்னு கேட்டீங்களே" என்றாள் றஹீமா.

டாக்டர் பேனாவை நிறுத்தினார். "எப்ப அது?"

பஸீர் சொல்லவேண்டியதாயிற்று. "வீட்டுல கொமட் வச்ச பொறகு."

"அதுக்கு முன்ன போகலயா?"

"தெரியாது. அதுக்கு முன்ன அனேகமா ரோட்டோரம்தான். மண்ணுல நெறம் தெரியாது."

"அந்த நேரம் வலி இருந்துச்சா?"

"ஒரு வலியும் இல்ல. அதுதானே விட்டுட்டேன்."

"சிகரட் குடிப்பீங்களா?"

"சிகரட் இல்ல."

"பீடி" என்றாள் றஹீமா. "கல்யாணத்துக்கு முந்தியே."

டாக்டர் எழுதி முடித்துவிட்டு, அவசரப்படாமல் விளங்கப்படுத்தினார். "எரிச்சலோட இரத்தம் போனா அனேகமா கிருமிதான். பொம்பளைகளுக்கு அது அடிக்கடி வரும், ஆம்பிளைகளுக்கு வந்தா ஏன்னு தேடணும். கல் இருந்தாலும் போகும். உங்க வயசுல புரோஸ்டேட்ன்னு ஒரு சுரப்பி வீங்கும், அதுனாலயும் போகும். கிட்னியில வருத்தம் இருந்தாலும் போகும். இரத்தம் உறையாம இருக்க குளிசை எடுக்கிறவங்களுக்கும் போகும், குளிசைதான் காரணம்ன்னு அவங்களையும் சோதிக்காம விட மாட்டோம். ஆனா வலியே இல்லாம வந்து, தானா நிக்குதே, அதத்தான் நாங்க விடவே கூடாது. நீங்க அதத்தான் விட்டிருக்கீங்க."

"வலிச்சா வந்திருப்பேன்" என்றார் பஸீர்.

"தெரியும்" என்றார் டாக்டர்.

ஸ்கேனில் புரோஸ்டேட் வீங்கியிருந்தது. அது வழியை நெருக்கியதால் மூத்திரம் முழுதாக வெளியேறாமல் தங்கியிருக்கிறது. தங்கிய மூத்திரத்தில் கிருமி சேர்ந்திருக்கிறது. கொட்டைப்பாக்கு அளவில் ஒரு கல்லும் உண்டாகியிருக்கிறது. மூத்திரம் போகும்போது நடுவில் குழாயை மூடிக்கொண்டிருந்தது அந்தக் கல்தான்.

கல் என்று தெரிந்ததும் எல்லோருக்கும் நிம்மதியாக இருந்தது. கல் மரியாதையான வருத்தம். பார்க்க வந்தவர்கள் ஒவ்வொருவருக்கும் கல் இருந்த சொந்தக்காரர் ஒருவர் இருந்தார். எல்லோரும் பிழைத்திருந்தார்கள். கிஷாந்த் தெம்பிலிக் குலையோடு வந்து, தான் ஒரு வளைவில்கூடப் பிரேக்கை அளவுக்கு மேலே மிதிக்கவில்லை என்று சொன்னான். "பாத்துக்கிட்டுத்தான் படுத்திருந்தேன்" என்றார் பஸீர். அவர் பாராட்டுவது அந்த விதம்தான்.

கல்லை உடைப்பதற்குக் கண்டிக்கு அனுப்பினார்கள். மூத்திரம் போகும் வழியாலேயே கமெரா ஒன்றை உள்ளே விட்டுச் செய்வது. கல்லை உடைத்து எடுத்தார்கள். ஆனால் கமெராவில் வேறொன்றும் தெரிந்தது. சிறுநீர்ப்பையின் சுவரில், கல்லுக்குச் சம்பந்தமில்லாத இடத்தில், ஒரு சின்னக் கட்டி, பாசியில் பூத்த பூவைப்போல ஒட்டிக்கொண்டிருந்தது. அதைச் சுரண்டி எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார்கள்.

முடிவு வரும்வரை வீட்டில் இருக்கச் சொன்னார்கள். பகலில் தன் வீடு எப்படியிருக்கும் என்று பஸீர் பார்த்தது அப்போதுதான். பீடிக் கட்டை அடுப்பில் போட்டார். வாசலில் உட்கார்ந்து ரோட்டில் போகும் பஸ்களின் சத்தத்தைக் கேட்டு, எது கியர் மாற்றப் பிந்துகிறது என்று தனக்குள்ளே சொல்லிக்கொண்டிருந்தார். ஒருநாள் றஹீமாவைக் கூப்பிட்டார்.

"தண்ணி மோட்டார் சுவிட்ச் எங்க இருக்குன்னு காட்டுறேன், வா."

"என்னத்துக்கு?"

"தெரிஞ்சி வச்சிக்கிட்டா நல்லம்தானே. நான் இல்லாத நேரத்துக்கு."

"அந்த மோட்டார இவ்வளவு காலமும் யார் போட்டான்னு நெனச்சீங்க?"

பஸீர் யோசித்தார். அவர் வீட்டுக்கு வரும்போது டாங்கி எப்போதும் நிரம்பியிருக்கும். அது எப்படி நிரம்புகிறது என்று யோசித்ததில்லை. கேஸ் கடைக்காரரின் நம்பரையும், வீட்டு உறுதிப் பத்திரம் இருக்கும் இடத்தையும் காட்டினார். அவையும் றஹீமாவுக்குத் தெரிந்திருந்தன. காட்டுவதற்கு வேறொன்றும் இல்லாமல் போனபோது பஸீர் குசினி வாசலிலேயே நின்றார். றஹீமா வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தாள். "இருங்க" என்று ஒரு ஸ்டூலை நகர்த்தினாள். வெங்காயம் முடியும்வரை பஸீர் அதிலேயே இருந்தார். பஸீரின் கண்ணில் தண்ணீர் வந்தது. வெங்காயத்தின் பெயரில் அது போயிற்று.

முடிவை வாங்கப் போனபோது கண்டி டாக்டர், வயதானவர், சுற்றிவளைக்கவில்லை.

"புற்றுநோய்தான். ஆனா மேல் தோலோட நிக்குது, தசைக்குள்ள போகல. இந்த நிலைமையில பிடிச்சது நல்ல காலம். மருந்து போடணும். கமெரா விட்டு அடிக்கடி பாத்துக்கிட்டே இருக்கணும், இது திரும்ப வாற ஜாதி. பீடி இனி வாயில வைக்கக் கூடாது."

"பஸ் ஓட்டலாமா?" என்று கேட்டார் பஸீர்.

"இன்னொருக்கா சொல்லுங்க டொக்டர்" என்றாள் றஹீமா. அவள் கேட்டது பஸ்ஸைப் பற்றி அல்ல. டாக்டர் முழுவதையும் இன்னொரு தடவை சொன்னார். றஹீமா ஒவ்வொரு சொல்லுக்கும் தலையாட்டினாள். வெளியே வந்ததும் படிக்கட்டில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். பஸீர் பக்கத்தில் உட்கார்ந்தார். ஏறி இறங்குகிறவர்கள் இருவரையும் சுற்றிப் போனார்கள்.

"அந்தக் கல்லு குத்தியிருக்காட்டி நீங்க ஆஸ்பத்திரிப் பக்கமே வந்திருக்க மாட்டீங்க" என்றாள் றஹீமா.

"மாட்டேன்" என்று ஒப்புக்கொண்டார் பஸீர்.

"அந்த நாளையில மரக்கறிய விசாரிச்ச மாதிரி என்னையும் ஒழுங்கா விசாரிச்சிருக்கலாம். இரத்தம்ன்னு ஒரு வார்த்த சொன்னீங்களா?"

பஸீர் எழும்பி, அவள் எழும்புவதற்குக் கையைக் கொடுத்தார்.

வாரத்துக்கு ஒரு தடவை மருந்து போட்டார்கள். குழாயால் சிறுநீர்ப்பைக்குள் மருந்தை விட்டு, குழாயை எடுத்துவிட்டு, அதை இரண்டு மணித்தியாலம் உள்ளேயே அடக்கி வைத்திருக்கச் சொன்னார்கள். அந்த அறையில் இருந்த மற்ற ஆண்கள் நெளிந்தார்கள். ஒருவர் பாதியில் எழும்பி ஓடினார். பஸீர் அசையாமல் இருந்தார். அவர் வாழ்நாள் முழுவதும் பழகிய பழக்கம் ஒருவருக்குப் பிரயோசனப்பட்டது அங்கே மட்டும்தான். நர்ஸ் அவரை மெச்சினார். வீட்டுக்கு வந்த பிறகு அன்றிரவு முழுவதும் எரிந்தது. அதை அவர் நர்ஸிடம் சொல்லவில்லை, றஹீமாவிடம் சொன்னார். சொல்லும் பழக்கம் மெல்ல மெல்லத்தான் வந்தது.

புரோஸ்டேட்டுக்கும் குளிசை கொடுத்தார்கள். இந்தத் தடவை எந்தக் குளிசையும் அலுமாரியில் மிஞ்சவில்லை. றஹீமா பார்த்துக்கொண்டாள். பஸீர் வேலைக்குத் திரும்பினார். போகும்போது அவர் ஓட்டுவார், வரும்போது கிஷாந்த் ஓட்டுவான். இலுக்கும்புரவில் மலசலகூடம் உள்ள கடையொன்றைப் பேசி வைத்து அங்கே பஸ்ஸை நிறுத்தினார்கள். டைம்கீப்பர் ஏசினார். பஸீர் அவருக்குத் தன் சிறுநீர்ப்பையைப் பற்றி ஆதியோடந்தமாக விளங்கப்படுத்தினார். அதற்குப் பிறகு டைம்கீப்பர் ஏசுவதில்லை. பஸ் பிந்தி வந்தால் வேறு பக்கம் பார்த்துக்கொள்வார்.

இந்த வருஷம் செய்த கமெராச் சோதனையில் ஒன்றும் இல்லை என்றார்கள். அடுத்த சோதனைக்குத் திகதி கொடுத்தார்கள். இருவரும் கண்டியிலிருந்து மாத்தளை பஸ்ஸில் ஏறினார்கள். பஸீர் வழிநெடுக டிரைவரைக் குறை சொல்லிக்கொண்டு வந்தார். கட்டுகஸ்தோட்டையில் கிளச்சை எரிக்கிறான் என்றார். றஹீமா பேசாமல் வரச் சொன்னாள்.

அந்தப் பக்கத்துச் சீட்டில் இருந்த நடுவயது ஆள் ஒருவர் நிலைகொள்ளாமல் இருந்தார். ஒரு பக்கம் சாய்ந்தார், மறுபக்கம் சாய்ந்தார், எட்டி ரோட்டைப் பார்த்தார். பஸீர் கொஞ்ச நேரம் கவனித்துவிட்டு அவர் பக்கம் குனிந்தார்.

"எரியுதா?"

"என்னது?"

"ஒன்னுக்குப் போறப்ப."

அந்த ஆள் பஸ்ஸைச் சுற்றிப் பார்த்தார். "எரியல்ல" என்றார்.

"எரியாட்டியும் நெறத்தப் பாருங்க. சிவப்பா இருந்தா எரியலன்னு சந்தோசப்பட வேணாம். கிளினிக்குக்குப் போங்க."

றஹீமா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அக்குறணையில் பஸ் நின்றபோது அந்த ஆள் எழும்பி இறங்கிப் போனார். அவர் இறங்க வேண்டிய இடம் அதுதானா என்பது தெரியவில்லை.